கழிக்கப்பட்ட எட்டு செல்களும் இரண்டு மைக்ரான் வானமும்

1960-களின் நடுப்பகுதியில் கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் மலையில் ஒரு விசித்திரமான தொலைநோக்கி வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவிக்கொண்டிருந்தது. 62 அங்குல விட்டமுள்ள அதன் ஆடி கண்ணாடியால் ஆனதல்ல. அலுமினியத் தட்டின் மேல் ஊற்றி இறுகவைத்த எபாக்ஸி பிசின் அது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதை வைத்து உருப்படியாக ஒரு படம் எடுக்க முடியாது. அதன் குவியத்தில் உட்கார்ந்திருந்தவை, அமெரிக்கக் கடற்படையின் சைட்விண்டர் ஏவுகணைத் திட்டத்தில் தேறாமல் கழிக்கப்பட்ட, அகச்சிவப்பை உணரும் 8 லெட் சல்ஃபைடு செல்கள். இப்படிப்பட்ட சாமான்களை வைத்துக்கொண்டு கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழக) இயற்பியலாளர்கள் ராபர்ட் லெய்டனும் கெர்ரி நியூகெபாவரும் தயாரித்த வான் பட்டியல் 1969-இல் நாசா வெளியீடாக வந்தது. 5,612 அகச்சிவப்பு மூலங்கள். அவற்றில் சில, வானியலாளர்கள் அதுவரை நட்சத்திரம் என்றால் என்ன என்று வைத்திருந்த கணக்கையே மாற்றின.

அகச்சிவப்பு டிடெக்டர் என்றாலே பேச்சு படிகத்தின் மேல்தான் போகும்: என்ன பொருள், எந்த அலைநீளம் வரை உணரும், எவ்வளவு நுண்மை. இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணமே வேறு. இங்கே படிகம் புதிதல்ல, முப்பது வயதான சரக்கு. அதுவும் இன்னொருவர் வேண்டாம் என்று ஒதுக்கியது. வேலையைச் சாதித்தது, அந்தச் செல்லின் குறைகளைச் சரியாகப் புரிந்துகொண்டு அதைச் சுற்றிக் கட்டிய அமைப்பு. செல்லில் விழும் வெளிச்சத்தில் எதைக் கழிப்பது என்று தெரிந்தவர்கள் கட்டிய அமைப்பு.

செல்லுக்குள் நடப்பது

குறைக்கடத்திப் படிகத்தில் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் அணுப் பிணைப்புகளில் கட்டுண்டு கிடக்கும். போதிய ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டான் விழுந்தால் ஒரு எலக்ட்ரான் விடுபடும். அது விட்டுப்போன இடம் ஒரு துளையாக நிற்கும். மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரானும் நகரும், துளையும் நகரும். ஆக, ஒளி பட்டதும் படிகத்தின் மின்தடை குறைகிறது. ஒளிமின்கடத்தல் என்பது இவ்வளவுதான். 1873-இல் வில்லோபி ஸ்மித் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க வைத்திருந்த செலினியத் தண்டுகளில் இதைக் கவனித்துச் சொன்னார்.

'போதிய ஆற்றல்' எவ்வளவு என்பதைப் படிகத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், முடிவு செய்கிறது. 1.24-ஐ எலக்ட்ரான் வோல்ட்டில் உள்ள இடைவெளியால் வகுத்தால், அந்தப் படிகம் உணரக்கூடிய மிக நீண்ட அலைநீளம் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். சிலிக்கானுக்கு இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். 1.1 மைக்ரானைத் தாண்டினால் சிலிக்கான் குருடு. லெட் சல்ஃபைடின் இடைவெளி அறை வெப்பநிலையில் 0.41. அதனால் அது ஏறத்தாழ 3 மைக்ரான் வரை பார்க்கும்.

அகச்சிவப்பு என்றாலே 'வெப்பக் கதிர்' என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளின் பழக்கம். இந்த இடத்தில் அது குழப்பத்தையே தரும். போலோமீட்டர் என்னும் கருவிதான் விழும் கதிரால் சூடாகி, அந்தச் சூட்டை அளக்கிறது. ஒளிமின்கடத்தும் செல் சூட்டை அளப்பதே இல்லை. அது ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறது. 2.2 மைக்ரான் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 0.56 எலக்ட்ரான் வோல்ட், அது லெட் சல்ஃபைடுக்குப் போதும். நம் உடம்பு அதிகமாக வெளிவிடும் 10 மைக்ரான் ஃபோட்டானுக்கு 0.12 தான், அது போதாது. அப்படிப்பட்ட ஃபோட்டான் கோடிக்கணக்கில் வந்தாலும் இந்தப் படிகம் கண்டுகொள்ளாது.

ஆனால் படிகத்தின் சொந்தச் சூடு அதை விடாது. அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வே சில எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. ஒளியே படாதபோதும் செல்லில் மின்னோட்டம் ஓடும், அந்த மின்னோட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் இரைச்சல். திரவ நைட்ரஜனில், அதாவது 77 கெல்வினில் குளிரவைத்தால் இப்படி எழும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, தூய படிகத்துக்கான கணக்குப்படி, பல லட்சம் மடங்கு குறைந்துவிடும். லெட் சல்ஃபைடுக்கு ஒரு வினோதக் குணமும் உண்டு. சிலிக்கான் போன்றவற்றைக் குளிரவைத்தால் ஆற்றல் இடைவெளி கொஞ்சம் விரியும். இது சுருங்கும். 77 கெல்வினில் 0.31 அளவுக்கு வந்துவிடும். ஆக, குளிரவைத்தால் இரைச்சலும் குறைகிறது, பார்வையும் 3 மைக்ரானைத் தாண்டி நீள்கிறது. ஒரே செலவில் இரண்டு லாபம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு.

அந்த விலையைப் புரிந்துகொள்ள இந்தப் படலம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். 'படிகம்' என்று சொன்னாலும் செல்லில் இருப்பது ஒற்றைப் படிகம் அல்ல. சுத்தமான கண்ணாடி அல்லது குவார்ட்ஸ் தகட்டை லெட் அசிட்டேட், தயோயூரியா, சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த கரைசலில் நிறுத்திவைப்பார்கள். தெளிந்த நீர்போல் இருக்கும் கரைசல் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். வெளியே எடுத்தால் தகட்டின் மேல் சாம்பல் நிறத்தில், முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் ஒரு படலம் படிந்திருக்கும். தடிமன் ஒரு மைக்ரான் அளவு. கோடிக்கணக்கான நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் படலம் அது. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் இன்னொரு வழியும் உண்டு. எந்த வழியில் செய்தாலும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போக வேண்டும். ஆக்சிஜன் சேராத படலம் ஒளிக்குச் சரியாக மசியாது. இதில் எவ்வளவு சேர்ப்பது, எவ்வளவு சூடாக்குவது என்பது வெகுகாலம் கைப்பக்குவமாகவே இருந்தது. ஒரே தொகுதியில் செய்த செல்களுக்குள்ளேயே நல்லதும் சுமாரும் கலந்து வரும். இந்தத் தொழிலில் கழிவு என்பது எப்போதும் இருந்த ஒன்று.

ஆக்சிஜன் சேர்ந்த படலத்தில் துளைகள்தான் மின்னோட்டத்தைச் சுமக்கின்றன. ஒளி எழுப்பிய எலக்ட்ரான் எங்காவது ஒரு பொறியில் சிக்கிக்கொள்ளும். அது அங்கே அடைபட்டிருக்கும்வரை துளைக்குச் சேர இணை கிடையாது. துளை மின்முனையை அடைந்து வெளியேறினால் எதிர் முனையிலிருந்து இன்னொரு துளை உள்ளே வரும். ஆக, ஒரு ஃபோட்டானுக்குப் பல மின்னூட்டங்கள் கடந்துபோகும். செல்லுக்குள்ளேயே ஒரு பெருக்கி இருப்பது மாதிரி. இப்படி இணை கிடைக்காமல் துளை உயிரோடிருக்கும் ஆயுள் நீள நீளப் பெருக்கமும் கூடும். ஆனால் அதே அளவுக்குச் செல் மந்தமாகும். அறை வெப்பநிலையில் ஒரு மில்லிநொடியில் சிறு பங்குக்குள் மாற்றத்தைக் காட்டிவிடும் செல், நன்றாகக் குளிர்ந்ததும் சில மில்லிநொடிகள் எடுத்துக்கொள்ளும். குளிரவைப்பதற்குக் கொடுக்கும் விலை இதுதான்.

அப்புறம் இன்னொரு தொல்லை. நுண்படிகங்கள் முட்டிக்கொள்ளும் எல்லைகளால் இந்தப் படலத்தில் தாழ் அதிர்வெண்ணில் இரைச்சல் அதிகம். சிக்னல் எவ்வளவு மெதுவாக மாறுகிறதோ அவ்வளவு அது இரைச்சலில் மூழ்கும். வேகமாக மாற்றினால் குளிர்ந்த செல் தொடர்ந்து வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய சந்துதான் இருக்கிறது. பின்னால் வரப்போகும் எல்லாத் தீர்மானங்களும் அந்தச் சந்துக்குள் நுழைவதற்காக எடுத்தவையே.

ஏவுகணையில் இந்தச் செல்லின் வேலை

லெட் சல்ஃபைடு ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. இயற்கையில் கலீனா என்னும் காரீயத் தாதுவாகக் கிடைக்கிறது. கண்ணுக்குத் தீட்டும் சுர்மாவில் பலவற்றிலும் இருப்பது இதுதான் (தீட்டாமல் இருப்பது நல்லது, காரீயம் நஞ்சு). ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரேடியோ அலை உணர்வியில் கலீனாவைப் பயன்படுத்தினார். ஆனால் அகச்சிவப்புக்கான படலமாக அதை உருவாக்கும் முயற்சி வேறு தடத்தில் வந்தது. அமெரிக்காவில் தியடோர் கேஸ் 1917-இல் தாலியம், சல்ஃபர், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு செல்லைச் செய்தார். அது 1.2 மைக்ரான் பக்கம் வரைதான் எட்டியது. பெர்லின் பல்கலைக்கழகத்தில் எட்கர் குட்ஷர் 1933-இல் லெட் சல்ஃபைடு 3 மைக்ரான் வரை ஒளிமின்கடத்துகிறது என்று கண்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதை ராணுவக் கருவிகளில் பயன்படுத்தியது. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கேஷ்மன் போரின் பிற்பகுதியில் அதே பொருளுக்கு வந்துசேர்ந்தார்.

போருக்குப் பின் அதற்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் ஆனது சைட்விண்டர். சைனா லேக் கடற்படைச் சோதனை நிலையத்தில் வில்லியம் மெக்லீன் குழு உருவாக்கிய இந்த ஏவுகணை 1953 செப்டம்பரில் முதல்முறையாக ஆளில்லா இலக்கு விமானத்தை வீழ்த்தியது. 1956-இல் படைக்கு வந்தது. 1958 செப்டம்பர் 24 அன்று தைவான் நீரிணைக்கு மேல் தைவானின் சேபர் விமானங்கள் இதைக் கொண்டு சீன மிக்-17 விமானங்களைச் சுட்டன. விமானங்களுக்கிடையே நடந்த சண்டையில் வழிநடத்தப்பட்ட ஏவுகணை வென்றது அதுவே முதல் தடவை. அந்த மோதலின்போது வெடிக்காமல் ஒரு மிக் விமானத்தில் செருகிக்கொண்டு திரும்பிய ஏவுகணையைப் பிரித்துப் பார்த்துத்தான் சோவியத் யூனியன் தன் கே-13 ஏவுகணையைச் செய்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

நமக்கு வேண்டியது ஏவுகணையின் மூக்கில் இருந்த ஏற்பாடு. தொடக்ககால சைட்விண்டரின் செல் குளிரூட்டப்படாதது. ஜெட் எஞ்சினின் பின்வாய் உலோகம் 900 கெல்வின் சூட்டில் இருந்தால் அதன் கதிர்வீச்சின் உச்சம் 3.2 மைக்ரானில் விழும். அதன் குறுகிய அலைநீளப் பக்கத்தைத்தான் லெட் சல்ஃபைடு பிடித்தது. அதனால் விமானத்துக்குப் பின்னால் இருந்து மட்டுமே சுட முடியும். முன்னால் இருந்து பார்த்தால் அந்தச் சூடான உலோகம் தெரியாது. சூரிய ஒளியில் பளபளக்கும் மேக விளிம்பும் சூரியனுமோ இந்த அலைநீளத்தில் எஞ்சினைவிடப் பிரகாசம். மேகத்தை விமானம் என்று நினைத்து ஏமாறாமல் இருக்க, செல்லுக்கு முன்னால் கறுப்பும் தெளிவுமாகக் கோலமிட்ட ஒரு சிறு தட்டு சுழன்றது. சிறு புள்ளியாக விழும் எஞ்சின் ஒளி அந்தக் கோலத்தில் மறைந்து மறைந்து தோன்றித் துடிக்கும். பரந்து விழும் மேக ஒளி கறுப்பிலும் தெளிவிலும் சமமாகப் பரவிக் கிடப்பதால் துடிக்காது. மின்சுற்று துடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னணியைக் கழிக்கும் வேலையைச் செய்தது சுழலும் அந்தத் தட்டுதான், படிகம் அல்ல. எந்தப் பக்கத்திலிருந்தும் சுட, குளிரூட்டிய இண்டியம் ஆன்டிமொனைடு டிடெக்டருடன் பின்னால் வந்த 'எல்' ரகம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆடியும் ஆட்டமும்

1960-களின் தொடக்கத்தில் அகச்சிவப்பில் வானத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்த்தவர்களும் ஏற்கெனவே தெரிந்த நட்சத்திரங்களை நோக்கித்தான் கருவியைத் திருப்பினார்கள். தெரியாதது எதுவும் அங்கே இருக்குமா என்று யாரும் முறையாகத் துழாவவில்லை. ஒளிப்படத் தகடுகளில் விழாத அளவுக்குக் குளிர்ந்த நட்சத்திரங்கள் இருந்தால் அவை எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. லெய்டனும் நியூகெபாவரும் கேட்ட கேள்வி அதுதான்: முன்முடிவு எதுவும் இல்லாமல் முழு வானத்தையும் ஒரே அலைநீளத்தில் அளந்தால் என்ன கிடைக்கும்? லெய்டன் எதையும் கையால் செய்துபார்க்கும் ரகம். ஃபைன்மனின் இயற்பியல் விரிவுரைகளைப் புத்தகமாக்கியவர்களில் ஒருவர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். கருவி செய்வதில் அவர் அதைவிடப் பெரிய ஆள் என்பது என் எண்ணம்.

2.2 மைக்ரானைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. 2.0 முதல் 2.4 மைக்ரான் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, வானியலாளர்கள் இதைக் கே பட்டை என்பார்கள். லெட் சல்ஃபைடு நன்றாக வேலை செய்வதும் இங்கேதான். இதைவிட நீண்ட அலைநீளத்துக்குப் போனால் தொலைநோக்கியும் காற்றும் தாமே ஒளிரும். பட்டப்பகலில் அகல் விளக்கைத் தேடுவது மாதிரிதான் ஆகும்.

அடுத்தது ஆடி. வானம் முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் துழாவ வேண்டும், நட்சத்திரத்தின் துல்லியமான வடிவம் வேண்டாம். எனவே பெரிய ஆடி வேண்டும், ஆனால் நேர்த்தியான ஆடி வேண்டாம். லெய்டன் பிடித்த வழி அழகானது. ஒரு பாத்திரத்தில் உள்ள திரவத்தைச் சீராகச் சுழற்றினால் அதன் மேற்பரப்பு தானாகவே பரவளைய வடிவத்துக்கு வரும். தொலைநோக்கி ஆடிக்குத் தேவையான வடிவமும் அதுவே. மெல்ல இறுகும் எபாக்ஸியை வளைந்த அலுமினியத் தட்டில் ஊற்றி, இறுகி முடியும்வரை சுழலவிட்டால் வடிவம் அப்படியே நின்றுவிடும். மேலே அலுமினியம் பூசினால் ஆடி தயார். குவியத்தூரத்தைச் சுழலும் வேகமே தீர்மானிக்கிறது. இந்த ஆடியின் குவியத்தூரம் ஏறத்தாழ அதன் விட்டத்துக்குச் சமம், அதாவது 1.6 மீட்டர் பக்கம். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கோணவேகத்தின் வர்க்கத்தின் இருமடங்கால் வகுத்தால் குவியத்தூரம் என்ற சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், நிமிடத்துக்குச் சுமார் 17 சுற்று வருகிறது. மூன்றரை வினாடிக்கு ஒரு சுற்று. வேகமே கிடையாது, ஆனால் இறுகும்வரை அந்த வேகம் பிசகக் கூடாது.

இப்போது அளவுகளைப் பார்ப்போம். இந்தப் பட்டியலின் எல்லை, கே பட்டையில் பிரகாச எண் 3 (எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). அப்படிப்பட்ட ஒரு மூலத்திலிருந்து 62 அங்குல ஆடியில் வினாடிக்குச் சுமார் 20 கோடி ஃபோட்டான்கள் விழும். பெரிய எண்ணாகத் தெரிகிறது. ஆற்றலாக மாற்றினால் ஒரு வாட்டை 5,000 கோடியாகப் பிரித்த ஒரு பங்கு. இதில் ஒரு பகுதிதான் வடிகட்டியைக் கடந்து செல்லுக்குப் போகும். திரவ நைட்ரஜனில் இருக்கும் சில மில்லிமீட்டர் அகலச் செல்லின் சொந்த இரைச்சலைவிட அது சில மடங்குதான் அதிகம். எல்லை ஏன் 3-இல் நின்றது என்பதற்கு இந்தக் கணக்கே பதில். அதே செல்லைக் குளிரவைக்காமல் வைத்திருந்தால் மூலங்களில் பெரும்பாலானவை இரைச்சலுக்குள்ளேயே மறைந்துபோயிருக்கும்.

இத்துடன் பின்னணி வேறு. செல் பார்ப்பது நட்சத்திரத்தை மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள பரந்த வானத்துண்டையும்தான். இரவு வானத்தின் உயரத்தில் ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இந்த அலைநீளத்தில் மினுங்கிக்கொண்டே இருக்கின்றன. ஆடியும் குழாயும் கொஞ்சம் வெளிவிடுகின்றன. மொத்தத்தில் பின்னணி, மங்கலான மூலத்தைவிடப் பல மடங்கு. ஏவுகணையில் சுழலும் தட்டு செய்த வேலையை இங்கே ஆடியே செய்தது. 62 அங்குல ஆடியை லேசாக, விடாமல் ஆட்டினார்கள். நட்சத்திரத்தின் பிம்பம் செல்லின் மேல் வந்து விலகி, வந்து விலகித் துடித்தது. சுற்றியுள்ள வானம் இரு நிலையிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் அது துடிக்கவில்லை. துடிப்பை மட்டும் பெருக்கினால் நட்சத்திரம் மிஞ்சும். ஆட்டும் வேகம்தான் முன்பு சொன்ன சந்து: தாழ் அதிர்வெண் இரைச்சலைத் தாண்டும் அளவுக்கு வேகம், மந்தமான குளிர்ந்த செல் பின்தொடரும் அளவுக்கு நிதானம்.

கழிக்கப்பட்ட செல்கள் இங்கே போதுமானதாக இருந்ததற்கு இதில் விடை இருக்கிறது. ஏவுகணைக்கு வேகமாகப் பதில் சொல்லும், குலுக்கலையும் வெயிலையும் தாங்கும், குளிரூட்டாமலே வேலை செய்யும் செல் வேண்டும். மலை மேல் நிற்கும் தொலைநோக்கிக்கு இவை ஒன்றும் வேண்டாம். குளிரவைக்க நேரமும் நைட்ரஜனும் இருக்கிறது, மந்தம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. ஒரு வேலையின் அளவுகோலில் தோற்ற பொருளை இன்னொரு வேலையின் அளவுகோலில் தோற்றதாகவே எழுதிவிடுவது ஆய்வகங்களில் சகஜம். இங்கே அப்படிச் செய்யவில்லை.

கூடவே 0.84 மைக்ரானில் சிலிக்கான் டிடெக்டரும் வைத்தார்கள். ஒரே மூலத்தின் இரண்டு அளவுகளை ஒப்பிட்டால் அதன் வெப்பநிலை தெரியும். 2.2-இல் பளிச்சென்றும் 0.84-இல் ஒன்றுமே இல்லாமலும் இருந்தால், அங்கே விசேஷமான ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பட்டியலில் வந்தவை

துழாவல் முடியும்வரை காத்திருக்க வேண்டியே வரவில்லை. 1965-இலேயே மிகக் குளிர்ந்த நட்சத்திரங்கள் பற்றிய முதல் கட்டுரை வந்துவிட்டது. சிக்னஸ் மண்டலத்தில் கண்ட ஒன்றுக்கு நியூகெபாவர், மார்ட்ஸ், லெய்டன் ஆகிய மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து என்எம்எல் சிக்னி என்று பெயர் வந்தது. இன்று அது நமக்குத் தெரிந்த மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒன்று. தான் கக்கிய தூசிக்குள்ளேயே ஒளிந்து நிற்பதால் ஒளிப்படத் தகடுகளில் யார் கண்ணிலும் விசேஷமாகப் படவில்லை.

பட்டியலின் உண்மையான புதையல் ஐஆர்சி+10216. பெயரில் ரகசியம் ஒன்றும் இல்லை: அகச்சிவப்புப் பட்டியல், நடுவரை விலக்கம் (வானத்தில் வடக்கு-தெற்கு நிலையைச் சொல்லும் கோணம்) +10 டிகிரிப் பட்டை, வரிசை எண் 216. சிம்ம மண்டலத்தில், சில நூறு ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கார்பன் நட்சத்திரம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரிய தொலைநோக்கிக்கும் மங்கல் புள்ளி. 5 மைக்ரானில் அளந்தால், சூரியக் குடும்பத்துக்கு வெளியே வானத்திலேயே மிகப் பிரகாசமான பொருள் அதுதான். நாம் காண்பது நட்சத்திரத்தை அல்ல, அதைச் சுற்றிச் சில நூறு கெல்வினில் ஒளிரும் தூசிக் கூட்டை. அந்தக் கூட்டில் பிற்பாடு ரேடியோ தொலைநோக்கிகள் எழுபதுக்கும் மேற்பட்ட வகை மூலக்கூறுகளைக் கண்டன. விண்வெளி வேதியியலில் இதன் பெயர் வராத பாடப் புத்தகம் இருக்காது.

அதே கால்டெக் குழுவில் ஆய்வு மாணவராக இருந்த எரிக் பெக்லின், லெட் சல்ஃபைடு செல்லை வேறு தொலைநோக்கிகளில் மாட்டி இரண்டு வேலைகள் செய்தார். ஒராயன் நெபுலாவைத் துழாவியபோது, கண்ணொளியில் எதுவுமே இல்லாத இடத்தில் சில நூறு கெல்வின் போலத் தோன்றும் ஒரு பிரகாசமான புள்ளி கிடைத்தது. இன்று பெக்லின்-நியூகெபாவர் பொருள் என்று பெயர். தூசி மேகத்துக்குள் பிறந்துகொண்டிருக்கும் நட்சத்திரம் ஒன்றைப் பார்க்கிறோம் என்ற வாதம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது. இன்னொன்று, 1966-இல் மவுன்ட் வில்சனின் 24 அங்குலத் தொலைநோக்கியால் பால்வீதியின் மையத்தை 2.2 மைக்ரானில் கண்டது. நமக்கும் மையத்துக்கும் இடையிலுள்ள தூசி, கண்ணொளி ஃபோட்டான்களில் லட்சம் கோடியில் ஒன்றையே விடுகிறது. 2.2 மைக்ரானில் பத்துப் பதினைந்தில் ஒன்று வந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம் போதும், 24 அங்குலம் போதுமானதாக ஆகிவிடுகிறது. ஒளியில் பார்க்க உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியும் போதாது.

எட்டாதவை

இந்தத் துழாவலின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். மவுன்ட் வில்சனிலிருந்து தெற்கே -33 டிகிரிக்குக் கீழே பார்க்கவில்லை, வடக்கே +81-ஐத் தாண்டவில்லை. வானத்தில் கால் பங்கு விடுபட்டது. பால்வீதியின் வளமான தெற்குப் பகுதி அதில் போயிற்று. ஒவ்வொரு செல்லும் வானத்தின் அகலமான துண்டைப் பார்த்ததால், நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் இரண்டை ஒன்றாகக் காட்டியது. செல்லைக் குளிரவைத்தாலும் 4 மைக்ரானைத் தாண்ட முடியாது. 10 மைக்ரான் வேண்டும் என்றவர்கள் 1961-இல் ஃபிராங்க் லோ உருவாக்கிய, திரவ ஹீலியத்தில் குளிரும் ஜெர்மானியம் போலோமீட்டரிடம்தான் போக வேண்டியிருந்தது. முன்பு சொன்ன வித்தியாசம் இங்கே மறுபடி வருகிறது. ஆற்றல் இடைவெளி குறுக்கே நிற்காத அலைநீளத்துக்குப் போக, ஃபோட்டானைவிட்டுச் சூட்டை அளந்தார்கள்.

ஆனால் ஒளிமின்கடத்தல் அந்தக் களத்தைவிட்டுப் போகவில்லை. படிகத்தின் முழு இடைவெளியைத் தாண்டத் தேவையில்லை, அதில் கலந்த மாசு அணுவிலிருந்து எலக்ட்ரானை விடுவித்தால் போதும் என்ற வழி திறந்தது. மாசு அணு எலக்ட்ரானை மிக லேசாகப் பிடித்திருக்கும் என்பதால் சிறு ஆற்றல் ஃபோட்டானே போதும். அதே காரணத்தால் சிறு சூடும் போதும், ஆகவே ஹீலியக் குளிர் தேவை. 1983 ஜனவரியில் ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் ஆர்சனிக், ஆன்டிமனி கலந்த சிலிக்கானையும் காலியம் கலந்த ஜெர்மானியத்தையும் கொண்ட 62 டிடெக்டர்களால் 12 முதல் 100 மைக்ரான் வரை வானத்தில் 96 சதவீதத்தை அளந்தது. அதன் அமெரிக்க அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதே நியூகெபாவர். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி கருவியில் 7 கெல்வினுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதும் ஆர்சனிக் கலந்த சிலிக்கான்தான்.

2.2 மைக்ரானில் மறு துழாவல் 1997 முதல் 2001 வரை நடந்தது. அரிசோனாவில் ஒன்றும் சிலியில் ஒன்றுமாக இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள், முழு வானம். இம்முறை லெட் சல்ஃபைடு இல்லை. 256-க்கு 256 புள்ளிகள் கொண்ட மெர்குரி காட்மியம் டெல்லூரைடு தகடுகள் வந்தன. அவை ஒளிமின்கடத்திகளும் அல்ல, ஒளி பட்டதும் தாமே மின்னழுத்தம் உண்டாக்கும் சந்தி டையோடுகள். 47 கோடிக்கும் மேற்பட்ட புள்ளி மூலங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, பழைய 5,612-ஐ அதன் பக்கத்தில் வைக்கவே கூச்சமாக இருக்கும். ஆனால் புதிய தகடுகள் மிக நுட்பமானவை என்பதாலேயே, பிரகாச எண் 4-ஐவிடக் குறைந்த, அதாவது அதைவிடப் பளிச்சென்ற நட்சத்திரங்களில் அவை நிரம்பி வழிந்துவிடுகின்றன. அவற்றின் பிரகாசத்தைப் பிம்பத்தின் ஓரங்களைக் கொண்டு ஊகிக்க வேண்டியதாகிறது, பிழை கால் அளவுவரை போகிறது. ஆகவே வானத்தின் மிகப் பிரகாசமான அகச்சிவப்பு நட்சத்திரங்களுக்கு நம்பகமான கே எண் தேடுபவர்கள் இன்றும் 1969-இன் பட்டியலையும் அக்கால அளவுகளையும் புரட்டிப் பார்க்கிறார்கள்.